பாப்பாவின் வலிப்பும் வேலூர் வைத்தியமும்

தங்கச்சி மகளுக்கு மொட்டையடித்துக் காது குத்தத்தான் லீவு போட்டு சிங்கப்பூரிலிருந்து குடியாத்தம் போனோம். லீவில் பாதி வேலூர் ஆஸ்பத்திரி வராண்டாவில் போனது. கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்காரர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பாப்பாவுக்கு 5 மாதம் முடிந்திருந்தது. தூளியில் தூங்கி எழுந்ததும் தலை சட்டென்று கவிழும், இரண்டு கையும் விரிந்து தூக்கும், கால் மடங்கும். ஒரு நொடிதான். கொஞ்சம் விட்டு மறுபடி. இப்படியே வரிசையாக வந்து ஓய்ந்ததும் வீறிட்டு அழுவாள். "உரம் விழுந்திருக்குது, புடவையில போட்டு உருட்டினா சரியாயிடும்" என்றார் ஆயா. பக்கத்து வீட்டு அத்தை மாந்தம் என்றார். தெருவோர கிளினிக் டாக்டர் வயிற்றில் வாயு என்று சொட்டு மருந்து எழுதினார். என் மனைவி செல்போனில் எடுத்திருந்த வீடியோவை நீட்டினாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வலிப்பு என்றாலே நுரை தள்ளி உடம்பு வெட்டி வெட்டி இழுக்க வேண்டும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். போன மாதம்வரை வீடியோ காலில் எங்களைப் பார்த்துச் சிரித்த குழந்தை இப்போது முகத்தையே பார்க்கவில்லையே என்பதுதான் என் மனைவிக்கு உறுத்தியது.

கே.வி.குப்பம், காட்பாடி வழியாக வேலூர். பெரிய ஆஸ்பத்திரியைச் சுற்றி லாட்ஜ் போர்டெல்லாம் பெங்காலியில். நம்மூரா என்று சந்தேகம் வரும். காத்திருப்பு நீளம்தான், ஆனால் உள்ளே போனதும் குழந்தை டாக்டர் முதலில் கேட்டது "வீடியோ இருக்குதாம்மா?" என்றுதான். இரண்டு முறை ஓடவிட்டுப் பார்த்தார். பிறந்ததும் அழுதாளா, சர்க்கரை இறங்கியதா என்று தங்கச்சியிடம் துருவினார். விளக்கை அணைத்துவிட்டு, ஊதா வெளிச்சம் அடிக்கும் ஒரு சின்ன விளக்கால் உடம்பு முழுக்க வெள்ளைத் திட்டு தேடினார். அப்படித் திட்டு இருந்தால் காரணமும் வேறு, மருந்தும் வேறாம்.

அடுத்தது ஈஈஜி, மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் சோதனை. தலையில் எண்ணெய்ப் பிசுக்கே இருக்கக் கூடாது, தூங்கினால்தான் எடுக்க முடியும் என்றார்கள். ஷாம்பு போட்டு அலசினாலும் ஆயா வைத்த விளக்கெண்ணெய் போவேனா என்றது. "அன்னைக்கே மொட்டை அடிச்சிருக்கலாம்" என்று மச்சான் முணுமுணுத்தார். லாட்ஜ் அறையில் குழந்தையைத் தூங்கவிடாமல் கிலுகிலுப்பை ஆட்டி ஆட்டி எங்களுக்குத்தான் கண் சொருகியது. அங்கே டெக்னீஷியன் பசை தடவி ஒவ்வொரு ஒயராக ஒட்டி, மேலே துணி சுற்றி, தங்கச்சி மடியிலேயே பால் குடிக்க வைத்துத் தூங்கப் பண்ணினார். ஒரு அதட்டல் இல்லை.

வந்திருந்தது இன்ஃபன்டைல் ஸ்பாசம், கைக்குழந்தைகளுக்கு வரும் ஒரு வகை வலிப்பு. 1841-இல் வெஸ்ட் என்ற ஆங்கிலேய டாக்டர் தன் சொந்த மகனுக்கு வந்ததைப் பார்த்து லான்செட்டுக்கு எழுதிய நோய். அவர் பெயரிலேயே வெஸ்ட் சிண்ட்ரோம் என்றும் சொல்கிறார்கள். பெரும்பாலும் முதல் வயதுக்குள் ஆரம்பிக்கும். மருந்து எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவுக்குக் குழந்தையின் வளர்ச்சிக்கு நல்லது. ஏசிடிஎச் என்ற ஹார்மோன் ஊசி, பிரெட்னிசோலோன், விகாபாட்ரின் இவைதான் முக்கியமானவை. பாப்பாவுக்கு பிரெட்னிசோலோன். ஸ்டீராய்டு என்பதால் பிபி பார்க்க வேண்டும், கிருமித் தொற்று வராமல் காக்க வேண்டும், சில தடுப்பூசிகளைத் தள்ளிப்போட வேண்டும் என்று தடுப்பூசி அட்டையை வாங்கிக் குறித்துக் கொடுத்தார் டாக்டர். நாமாக நிறுத்தவே கூடாது என்பதை மட்டும் மூன்று பேரிடமும் தனித்தனியாகச் சொன்னார்.

அங்கிருந்த நர்ஸம்மா இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தார். உடம்பு வெட்டி இழுக்கும் வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வை, மணி பார், வாயில் ஸ்பூனோ தண்ணீரோ வேண்டாம், 5 நிமிடம் தாண்டினால் 108. கையில் இரும்புச் சாவி கொடுக்கலாமா என்று ஆயா கேட்டதற்கு, "சாவி பீரோவுக்குத்தான் ஆயா" என்றார் சிரிக்காமல்.

இழுப்பு நின்றால் மட்டும் போதாதாம். ஈஈஜியும் தெளிய வேண்டும், அதற்கு மறுபடி எடுக்கச் சொல்லித் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதுவரை தினக் காலண்டர் தாளில் எத்தனை தடவை வந்தது என்று மச்சான் எழுதி வைக்கிறார். இரவில் எனக்கு போட்டோ வருகிறது.