போர்டு போகவில்லை, பிட்தான் பொருந்தவில்லை

மகளின் சின்ன லேப்டாப் இன்டெல் ஆட்டம் இசட்3735எஃப், 2 ஜிபி ரேம், 32 ஜிபி சேமிப்பு. விண்டோஸே முக்கால்வாசி இடத்தைப் பிடித்துக்கொண்டதால் அதற்குப் பதிலாக லினக்ஸ் போடலாம் என்று உட்கார்ந்தேன். 64-பிட் லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவைச் செருகினால் பூட் மெனுவில் அதன் பெயரே வரவில்லை. முதலில் கொண்டுபோன கடையில், "போர்டு போயிட்டுது, புதுசா ஒண்டு வாங்குங்கோ" என்று நின்ற நிலையிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். திறந்துகூடப் பார்க்கவில்லை.

அப்புறம்தான் திருஞானசம்பந்தர் வீதியில் கணினி திருத்தும் சின்னக் கடைக்குப் போனேன். அங்கிருந்த தம்பி என் பென்டிரைவைத் தன் கணினியில் திறந்து, பூட் கோப்புறையை எனக்கு நேரே திருப்பிக் காட்டினார். "பாருங்கோ ஐயா, இதுக்குள்ள பூட்எக்ஸ்64 மட்டும்தான் கிடக்கு. உங்கட மெஷின் தேடுறது பூட்ஐஏ32." முதலாவது 64-பிட்டுக்கான தொடக்கக் கோப்பு, மற்றது 32-பிட்டுக்கானது.

புரொசசர் 64-பிட், ஆனால் அதை எழுப்பிவிடும் யூஇஎஃப்ஐ, அதாவது போர்டிலேயே பதிந்திருக்கும் ஃபேர்ம்வேர், 32-பிட். 2014 வாக்கில் இந்த வகை மலிவு மெஷின்கள் 32-பிட் விண்டோஸோடு வந்தன. விண்டோஸும் யூஇஎஃப்ஐயும் ஒரே பிட்டாக இருந்தாக வேண்டும். லினக்ஸில் அந்தக் கட்டாயம் அதன் மையப் பகுதியான கேர்னலின் 3.15 பதிப்போடு போய்விட்டது. 64-பிட் கேர்னல், ஃபேர்ம்வேரிடம் ஏதும் கேட்க வேண்டிய நேரத்தில் மட்டும் புரொசசரை 32-பிட் நிலைக்கு இறக்கி, வேலை முடிந்ததும் பழையபடி ஏற்றிக்கொள்ளுமாம். இதை ஒரு துண்டுக் கடதாசியில் படம் போட்டு விளக்கினார். எனக்கு அந்தப் பொறுமைதான் பெரிதாகப் பட்டது.

முழுக்க 32-பிட்டாகவே போட்டுவிடலாமே என்று கேட்டேன். லினக்ஸின் 32-பிட் பதிப்புகளுக்கு குரோம் 2016இலேயே நின்றுவிட்டது என்றார். மகளின் வகுப்பெல்லாம் குரோமில்தான், ஆகவே 64-பிட்டே சரி என்றேன்.

லினக்ஸை எழுப்பிவிடும் கிரப் என்ற நிரல் 32-பிட், அதன் மேல் டெபியன் என்ற லினக்ஸ் 64-பிட். இரண்டு நாள், 3,500 ரூபா. எடுக்கப் போனபோது என் கண்முன்னே மூன்று தரம் அணைத்துப் போட்டுக் காட்டினார். லேப்டாப்பின் அடியில் "யூஇஎஃப்ஐ 32, கேர்னல் 64" என்று எழுதி ஒட்டியும் இருந்தார், அடுத்து யார் திறந்தாலும் தடுமாறக் கூடாதென்று.

ஸ்பீக்கர் மட்டும் இன்னும் பேசவில்லை. அதற்குக் காசு எடுக்கவில்லை, அடுத்த கிழமை கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். அதுவரை மகள் ஹெட்போனில் கேட்கிறாள்.