நீருக்கடி விளக்கு போட்டுத் தருகிறேன் என்பவரிடம் படகைக் கொடுக்கும் முன்

என் ஃபைபர் படகின் பின்பலகையில் நீருக்கடி எல்.இ.டி விளக்குகள் பொருத்தித் தருகிறேன் என்று பணம் வாங்கிய கடை, ஒரு பருவம்கூடத் தாங்காத பொருளைப் பூட்டியது. போகட்டும், விளக்கை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பின்பலகைக்குள் தண்ணீரையும் இறக்கிவிட்டார்கள். இதே பேச்சை உங்களிடமும் யாராவது பேசக்கூடும் என்பதால் நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

முதல் பொய் லூமன் கணக்கு, அதாவது விளக்கு தரும் வெளிச்சத்தின் அளவு. பெட்டியின் மேல் 20,000 லூமன் என்று பெரிதாக இருந்தது. அடியில் சின்ன எழுத்தில் 60 வாட். நல்ல எல்.இ.டி விளக்கு வாட்டுக்குச் சுமார் 100 முதல் 150 லூமன் தரும். அப்படிப் பார்த்தால் 9,000-ஐத் தாண்டவே வழியில்லை. கேட்டேன். "சார், இது புது சிப். அந்தப் பழைய கணக்கெல்லாம் இதுக்கு ஒத்து வராது" என்றார் விற்பவர். சரி, லூமன் எப்படியோ போகட்டும், 60 வாட் என்பதையாவது பில்லில் எழுதுங்கள் என்று சொல்லி எழுதி வாங்கினேன். பொருத்திய பிறகு மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்தால், 12 வோல்ட்டில் 5 ஆம்ப் இழுக்க வேண்டிய விளக்கு 2 ஆம்ப்கூட இழுக்கவில்லை. அதாவது 24 வாட்டுக்கும் கீழே. பில்லில் இருந்த அந்த ஒரு வரியால்தான் விளக்குக்குக் கொடுத்த பணமாவது பிறகு திரும்பி வந்தது.

நிறத்திலும் அதே கதை. படகு நிற்பது கலங்கலான கழிமுகத் தண்ணீரில். அந்த மாதிரித் தண்ணீரில் பச்சை வெளிச்சம்தான் கொஞ்சம் தூரம் போகும். நீலம் தெளிந்த கடலுக்கு ஏற்றது. வெள்ளையோ மிதக்கும் தூசியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும். நான் கேட்டது பச்சை, மாட்டியது நீலம். கையிருப்பில் அதுதான் இருந்ததாம்.

"மெரைன் கிரேடு", அதாவது கடலுக்கு ஏற்ற தரம் என்று வாயால் சொன்ன விளக்கின் உடல்பகுதி, பெயிண்ட் அடித்த அலுமினியம். என் படகின் அடியில் பூசியிருப்பது பாசியும் சிப்பியும் ஒட்டாமல் தடுக்கும், செம்பு கலந்த ஆன்ட்டிஃபவுலிங் பெயிண்ட். உப்புத் தண்ணீரில் செம்பும் அலுமினியமும் ஒட்டி இருந்தால் அலுமினியம் அரித்துப்போகும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. விளிம்பில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, உள்ளே வெள்ளைப் பொடி. வெண்கலம் அல்லது நல்ல பிளாஸ்டிக் உடல் கேளுங்கள். துருப்பிடிக்காத எஃகு என்றால் 316 தரமா என்று பாருங்கள். அதுவும்கூடக் காற்றுப்படாத இடுக்கில் நீர் தேங்கினால் குழி விழும்.

கூடவே வந்த தாளில் ஐபி 67 என்று இருந்தது. தூசியும் தண்ணீரும் உள்ளே புகாமல் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்லும் தர எண் அது. 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்பதுதான் 67-இன் பொருள். நாள் முழுக்க, வருடம் முழுக்கத் தண்ணீரில் கிடக்கும் விளக்குக்கு அது எப்படிப் போதும்? ஐபி 68 வேண்டும், அதிலும் எத்தனை மீட்டர், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளர் எழுத்தில் தந்திருக்க வேண்டும்.

ஆனால் எனக்குத் தீராத கோபம் அந்த ஓட்டைகள் மேல்தான். என் பின்பலகையில் இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே இருப்பது பிளைவுட். நீர்மட்டத்துக்குக் கீழே அதைத் துளைத்தால், துளையைப் பெரிதாக்கி, மரத்தை நன்றாக உலரவிட்டு, எப்பாக்சி என்ற இறுகும் பிசினை நிரப்பி இறுகவிட்டு, அந்த எப்பாக்சியின் நடுவில்தான் திருகுக்குத் துளை போட வேண்டும். வயர் போகும் துளைக்கும் இதேதான். அப்புறம் நீருக்கடியில் பயன்படுத்தத் தகுந்த மெரைன் சீலண்ட். இவர்கள் மரத்தில் நேராகத் திருகை ஏற்றி, சுற்றிலும் சாதாரண சிலிக்கோனைப் பிதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். படகைக் கரையேற்றியபோது அந்தச் சிலிக்கோன் வாழைப்பழத்தோல் மாதிரி ஒரே இழுப்பில் உரிந்து வந்தது. திருகு விரலாலேயே கழன்றது. துளையிலிருந்து பழுப்பாகத் தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது, மக்கிய மர வாடையோடு. பக்கத்தில் ஸ்க்ரூடிரைவரால் அழுத்தினால் முனை உள்ளே இறங்குகிறது. எஞ்சினைத் தாங்கி நிற்கும் பலகை அது!

உள்ளே வயரைத் தொடர்ந்து பார்த்தால், இணைப்பை, படகின் அடியில் தண்ணீர் சேரும் பள்ளமான பில்ஜுக்குப் பக்கத்தில் முறுக்கி, மேலே இன்சுலேஷன் டேப். செம்பு கறுத்து, தொட்டால் உதிர்ந்தது. வெள்ளீயம் பூசிய வயர் இல்லை, பேட்டரி பக்கத்தில் ஃபியூஸ் இல்லை. ஷார்ட் ஆகியிருந்தால் தீப்பிடித்திருக்கும்.

ஓடும்போதும் எரியவிடுங்கள், அழகாக இருக்கும் என்று வேறு சொன்னார்கள். 1972-ஆம் ஆண்டின் கடல் மோதல் தடுப்பு விதிகளில் 20-ஆவது விதி, சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும்வரை, வழிகாட்டும் விளக்குகளோடு குழப்பிக்கொள்ளக்கூடிய அல்லது அவற்றை மங்கச்செய்யும் வேறு எந்த விளக்கும் காட்டக்கூடாது என்கிறது. நங்கூரம் போட்டு நிற்கும்போது போடுகிறவர்களும் நங்கூர விளக்கு தெளிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.

பலகைச் சேதத்தைப் பற்றிக் கேட்டதற்கு, "தண்ணிக்குள்ள இருக்கற பொருளுக்கு வாரண்டி கிடையாது சார்" என்றார்கள். நீருக்கடி விளக்கு விற்கும் கடை சொன்ன பதில் இது.

இனி போடப் போகிறவர்கள், துளையை எப்படி அடைப்பீர்கள், எந்த சீலண்ட் என்பதை வேலைக்கு முன்பே எழுதி வாங்குங்கள். எப்பாக்சி நிரப்பிய பிறகு, விளக்கை வைத்து அதை மூடுவதற்கு முன்னால், நீங்களே பக்கத்தில் நின்று படம் எடுங்கள். "நேரமில்லை, மாலைக்குள் முடித்துவிடுவோம்" என்கிறவர் எப்பாக்சி இறுகக் காத்திருக்கப் போவதில்லை.

ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் அடுத்த முறை படகைக் கரையேற்றும்போது கீழ்த்திருகு ஒன்றை மட்டும் கழற்றிப் பாருங்கள். ஈரம் கசிந்தால், சுத்தியலின் பிடியால் சுற்றிலும் தட்டி, சத்தம் மந்தமாக மாறும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். மர வேலை தெரிந்த படகு மேஸ்திரி பார்க்கும்வரை அந்தத் துளையை மூடாதீர்கள், படகைத் தண்ணீரிலும் இறக்காதீர்கள்.