22 பிக்கோஃபாரடை அளக்க எந்த வழி?

மின்சுற்றுக்குச் சீரான அதிர்வெண் தரும் குவார்ட்ஸ் கிறிஸ்டலுக்குத் துணையாக வைக்கப்படும் 22 பிக்கோஃபாரட் செராமிக் மின்தேக்கியைக் கைமல்டிமீட்டரில் அளந்தால், ஒருமுறை 60 என்றும் கம்பிகளைச் சற்று நகர்த்தியதும் 50 என்றும் காட்டக்கூடும். மின்தேக்கியில் பழுதில்லை, அருகருகே கிடக்கும் இரு சோதனைக் கம்பிகளே சில பத்து பிக்கோஃபாரட் கொண்ட மின்தேக்கியாகி, அளக்கப்படும் மதிப்போடு கூடிக்கொள்கின்றன.

கம்பிகளைக் கழற்றிவிட்டு, மீட்டரின் துளைகளிலேயே குட்டைக் கவ்விகளைச் செருகி, ‘ரெல்’ பொத்தானால் (அப்போது காட்டும் மதிப்பைச் சுழியாகக் கொண்டு, அதற்கு மேலுள்ளதை மட்டும் காட்டச் செய்வது) சுழியாக்கிய பிறகு மின்தேக்கியைப் பொருத்துவது செலவில்லாத வழி. கை அருகில் இருந்தாலே எண் மாறும் என்பதால், விரலை எடுத்த பின்பே படிக்க வேண்டும். ஆனால் மீட்டரின் துல்லியம் ±(4% + 10 இலக்கங்கள்), கடைசி இலக்கம் 1 பிக்கோஃபாரட் என்று கொண்டால், 22-இல் சதவீதப் பிழை ஒரு பிக்கோஃபாரட்டைக்கூட எட்டாது. இலக்கப் பிழையோ பத்து பிக்கோஃபாரட். விளம்பரங்கள் சதவீதத்தை மட்டும் பெரிதாக அச்சிடுவதன் சூட்சுமம் இதுதான். அளவு எல்லையின் அடிப்பகுதிக்குத் துல்லிய உறுதியே தராத மீட்டர்களும் உண்டு.

அதைவிட நம்பத்தக்கது, 1 நானோஃபாரட் (1000 பிக்கோஃபாரட்) மின்தேக்கி ஒன்றை நிலையாகப் பொருத்தி, அந்த நிலையில் ‘ரெல்’ அழுத்திவிட்டு, சிறியதை அதற்கு இணையாகச் சேர்ப்பது. மீட்டர் தடுமாறும் அடிமட்டத்தை விட்டு மேலே வந்துவிடுவதோடு, நிலையான பிழையும் கழிந்துபோவதால், ஓரிரு பிக்கோஃபாரட் வித்தியாசத்துக்குள் விடை கிடைக்கும். அடித்தள மின்தேக்கி வெப்பத்துக்கு அசையாத என்பிஓ வகையாக இருப்பது நல்லது. 100 நானோஃபாரட் வைத்தாலோ, மீட்டர் தானாகவே பெரிய எல்லைக்குத் தாவி, கடைசி பிக்கோஃபாரட்டைக் காட்டாமலே விட்டுவிடும்.

அரை பிக்கோஃபாரட் வேறுபாடும் தெரிய வேண்டுமென்றால், அலையியற்றியை (சுருளும் மின்தேக்கியும் சேர்ந்து மின்னலைவு எழுப்பும் சுற்று) வைத்து, அதன் அதிர்வெண் மாற்றத்திலிருந்து மதிப்பைக் கணக்கிடும் எல்சி மீட்டருக்குத்தான் போக வேண்டும். அதில் 82 மைக்ரோஹென்றி சுருளும் 1000 பிக்கோஃபாரட் மின்தேக்கியும் ஏறத்தாழ 556 கிலோஹெர்ட்ஸில் அதிர்கின்றன என்றால், 22 பிக்கோஃபாரட்டைச் சேர்த்ததும் அதிர்வெண் சுமார் 6 கிலோஹெர்ட்ஸ் இறங்கும். 10 ஹெர்ட்ஸ் மாற்றத்தைக்கூட எண்ணிவிடலாம் என்பதால், பிக்கோஃபாரட்டின் இருபதில் ஒரு பங்கும் கண்ணுக்குத் தப்பாது. எனினும் அதன் அளவீடு, ஒப்பிட வைத்திருக்கும் ஒரு சதவீதப் பிழைவரம்புள்ள மின்தேக்கியைவிடத் துல்லியமாக இருக்க முடியாது. பெரிய எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கிகளை மாட்டினால் அலைவே நின்றுவிடும்; அவற்றுக்கு மல்டிமீட்டர்தான்.