திருகோணமலை உவர்மலைப் பக்கத்து உளவளத்துணை நிலையம்: என் மதிப்பீடு

எதிர்பாராமல் கருவுற்ற பெண்களுக்கென உவர்மலைப் பக்கம் இயங்கும் உளவளத்துணை நிலையத்துக்கு என் மச்சாளுக்குத் துணையாகப் போயிருந்தேன். கருவில் இருப்பதும் காக்கப்பட வேண்டிய உயிரே என்ற தங்கள் நிலைப்பாட்டை அவர்கள் மறைப்பதில்லை. நானும் அதே எண்ணம் கொண்டவள்தான் என்றாலும், சுமப்பவளின் உயிரையும் மனதையும் ஒதுக்கிவிட்டு உயிரின் மதிப்பைப் பேசுவது நியாயமில்லை என்று கருதுவதால் தயக்கத்துடனேயே உள்ளே சென்றேன்.

உளவளத்துணையாளர் தன் கைபேசியை அணைத்து மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு, மச்சாள் அழுது முடியும் வரை இடைமறிக்காமல் கேட்டார். பிறகு சட்டத்தைத் திரிக்காமல் விளக்கினார்: 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைப்படி தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்கு மட்டுமே கருக்கலைப்புக்கு இடமுண்டு, வன்புணர்வால் உண்டான கருவுக்குக்கூட விலக்கில்லை. களவாகக் கலைத்துவிட்டு வந்தவளானாலும் காய்ச்சலோ இரத்தப்போக்கோ இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று அவர் அழுத்திச் சொன்னது என் மதிப்பை உயர்த்தியது. பாவம் என்று மட்டும் சொல்லி அனுப்பும் இடங்களில் இந்த அக்கறை கிடைக்காது.

பெருங்குறை ஒன்று உண்டு. காத்திருக்கும் வாங்கு வீதியைப் பார்த்தபடி கிடக்கிறது, பெயரையும் உரக்கக் கூப்பிடுகிறார்கள். ஆளுக்கு ஆள் தெரிந்த ஊரில் இதற்காகவே பலர் படியேறமாட்டார்கள். பிள்ளை பிறந்த பின் பால்மாவுக்கும் வாடகைக்கும் என்ன வழி என்று கேட்டதற்கும் தெளிவான பதில் இல்லை. இரண்டையும் பொறுப்பாளரிடம் எழுத்தில் கொடுத்திருக்கிறேன்; மச்சாள் அடுத்த சந்திப்புக்குச் சம்மதித்திருக்கிறார்.