கரும்பலகை, ஏணிப்படி, அரும்பு மொட்டு மலர்: திரும்பி வரும் குழந்தைக்கு எது இடம் தருகிறது?

எங்கள் பக்கம் கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால் வகுப்பறை பாதி காலியாகிவிடும். அப்பா அம்மாவோடு பிள்ளைகளும் வெட்டு நடக்கும் இடத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். மூன்று வாரம், சில சமயம் ஐந்து வாரம் கழித்து, தலையில் எண்ணெய் காணாமல், கையில் கரும்புச் சோகை கிழித்த கோடுகளோடு ஒரு குழந்தை வகுப்பு வாசலில் வந்து நிற்கும். உள்ளே வரட்டுமா என்று கேட்காது. நிற்கும்.

பயிற்சி முகாம்களில் கற்பித்தல் முறைகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு அந்த வாசல்தான் நினைவுக்கு வரும். குழந்தையை மையமாகக் கொண்ட வகுப்பறை என்கிறோம். எந்தக் குழந்தையை? தினமும் வந்து முன்வரிசையில் உட்காரும் பிள்ளை எந்த முறையிலும் ஓரளவு தேறிவிடும். அதனால், அரசுத் தொடக்கப் பள்ளியில் நான் நடத்திப் பார்த்த மூன்று முறைகளையும் இந்தக் குழந்தையை வைத்தே எடைபோடுகிறேன்.

பழைய முறையை எல்லோருக்கும் தெரியும். பணியில் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் நடத்தினேன். 42இல் 17 போனால் எத்தனை என்று கரும்பலகையில் எழுதி, “ரெண்டுல ஏழு போகாது, பக்கத்துல கடன் வாங்கு” என்பேன். வகுப்பே ராகம் போட்டுத் திருப்பிச் சொல்லும். ஊரிலிருந்து திரும்பிய குழந்தையும் சேர்ந்து சொல்லும். சிலேட்டில் மட்டும் 35 என்று எழுதியிருக்கும். ஏழில் இரண்டு போனால் ஐந்து, நான்கில் ஒன்று போனால் மூன்று. பெரியதிலிருந்து சிறியதை எடுத்திருக்கிறது. அது தெரிந்து வைத்திருந்த அளவுக்கு அது நியாயமான கணக்குத்தான். நாற்பது குரல் ஒன்றாக ஒலிக்கும்போது அந்த 35 ஆசிரியர் காதில் விழவே விழாது. மறுநாள் பாடம் பெருக்கலுக்குப் போய்விடும். ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: ஒரு கதையைச் சொல்லவும், புதுக் கருத்து ஒன்றை முதன்முதலில் எடுத்துக் காட்டவும் கரும்பலகைக்கு முன்னால் கிடைக்கும் பத்து நிமிடத்துக்கு ஈடாக வேறெதையும் நான் பார்த்ததில்லை.

அடுத்து வந்தது செயல்வழிக் கற்றல். 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் இது தொடங்கியது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் முன்னின்று நடத்தினார். 2007–08இல் மாநிலம் முழுக்க வந்தது. இதன் வேர் ஆந்திரத்தில், மதனப்பள்ளிக்கு அருகே ரிஷிவேலியைச் சுற்றியுள்ள கிராமப் பள்ளிகளில் இருக்கிறது. ஒரே ஆசிரியர், பல வகுப்புப் பிள்ளைகள், ஒரே அறை என்ற நிலைக்காகவே, குழந்தை தானே எடுத்துப் படிக்கும் பாட அட்டைகளை அங்கே உருவாக்கினார்கள். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள்தான். ஐந்து வகுப்பு, இரண்டு பேர். எங்கள் பள்ளியும் அப்படித்தான். அதனால் இந்த முறை எங்களுக்காகவே தைத்த சட்டை போலப் பொருந்தியது.

நாற்காலியை ஓரம் தள்ளிவிட்டுப் பாய் விரித்தோம். குழந்தைகளின் உயரத்துக்குச் சுவரைச் சுற்றிக் கரும்பலகை வந்தது; ஆளுக்கு ஒரு கட்டம். தலைக்கு மேல் கம்பிப் பந்தல் கட்டி, அவர்கள் வரைந்ததையும் எழுதியதையும் தொங்கவிட்டோம். பாடத்துக்கு ஒரு ஏணிப்படி. அதில் ஒவ்வொரு படிக்கும் ஒரு சின்னமும் எண்ணும் உண்டு. குழந்தை தன் படியைப் பார்த்து, அதே சின்னமுள்ள அட்டையைத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு தனக்குரிய குழுவில் போய் உட்காரும். ஒரு குழுவுக்கு ஆசிரியர் துணை, இன்னொன்றுக்குச் சக பிள்ளைகள் துணை, மற்றொன்றில் தானே படிப்பவர்கள். அறிமுகம், பயிற்சி, வலுவூட்டல் என்று அட்டைகளைக் கடந்து மதிப்பீட்டு அட்டைக்கு வரும். அதில் தடுமாறினால் குறைதீர் அட்டை. அடுத்த படிக்குப் போகும் நாளை முடிவு செய்வது குழந்தையின் வேகம்தான், கால அட்டவணைக்கு அதில் வேலையில்லை.

ஐந்து வாரம் கழித்து வந்த மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தியை மறக்க முடியாது. வாசலில் கொஞ்சநேரம் நின்றாள். பிறகு நேரே ஏணிப்படியிடம் போய் விரலை மேலிருந்து கீழாக ஓட்டிவந்து ஓரிடத்தில் நிறுத்தினாள். “இங்கதான் டீச்சர் உட்டுட்டுப் போனேன்.” தானே அட்டையை எடுத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தாள். அதே 42, அதே 17. பத்துப் பத்தாகக் கட்டிய நான்கு குச்சிக் கட்டும் இரண்டு உதிரியும் எடுத்து வைத்தாள். ஏழு எடுக்க வேண்டும். உதிரி இரண்டையும் எடுத்தாயிற்று, இன்னும் ஐந்து வேண்டும். கட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. ரப்பர் வளையத்தைக் கழற்றினாள். ஐந்தை எடுத்தாள், பிறகு ஒரு முழுக் கட்டையும் நகர்த்தினாள். “இருவத்தஞ்சு” என்று மெதுவாகச் சொன்னாள். கடன் என்ற சொல்லை நான் சொல்லவே இல்லை.

இதைச் சொல்லிவிட்டு அந்த முறையின் குறைகளை மறைப்பது நேர்மையாகாது. அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன. இடையில் ஒரு அட்டை இல்லாவிட்டால் அந்தப் படியில் இருப்பவர்கள் எல்லாரும் நிற்க வேண்டியதுதான். ஏணியில் ஏறும் அவசரத்தில் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதிவிட்டு மேலே போனவர்கள் உண்டு. என் கவனம் முழுவதும் ஆசிரியர் துணைக் குழுவிலேயே கரைந்துவிடும். தானே படிப்பவர்கள் பகுதிப் பக்கம் அரைநாளாகத் தலைகாட்டாமல் இருந்திருக்கிறேன். எனக்கு மிகவும் வலித்த குறை வேறு. வகுப்பு ஒன்றாகச் சேர்ந்து பேசுவது, சிரிப்பது, ஒரே கதையைக் கேட்பது குறைந்துபோனது. ஆளுக்கு ஒரு அட்டை, ஆளுக்கு ஒரு மூலை. மொழி என்பது வாயில் வளர்வது. அட்டையோடு மட்டும் இருந்த பிள்ளைகள் படிக்கக் கற்றார்கள், கோவையாகப் பேசத் திணறினார்கள்.

பெற்றோர் தரப்பிலும் ஒரு சிக்கல். எழுத்துகளை அகர வரிசையில் தொடங்காமல் ட, ப, ம என்று தொடங்கினோம். மூன்று எழுத்திலேயே படம், பட்டம், மடம் என்று வாசித்துவிடலாம் என்பது காரணம். நல்ல காரணம்தான். ஆனால் ஒரு அம்மா வந்து, “ரெண்டு மாசமா பள்ளிக்கூடம் வருது, அ, ஆன்னு சொல்ல மாட்டேங்குதே டீச்சர்” என்று கண்கலங்கினார். அவர் எதிரிலேயே குழந்தையைப் ‘பட்டம்’ வாசிக்க வைத்த பிறகுதான் அவருக்கு மனம் ஆறியது. முறையை மாற்றும்போது வீட்டுக்கு அதைச் சொல்லிவைக்க நாங்கள் மறந்துவிட்டோம்.

இப்போது நடப்பது ‘எண்ணும் எழுத்தும்’ என்ற திட்டம். 2020 மார்ச்சில் பூட்டிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1இல்தான் திறந்தன. அதுவரை பள்ளி வாசலையே மிதிக்காத பிள்ளைகள் இரண்டாம் வகுப்பில் இருந்தார்கள். அந்த இடைவெளியை அடைக்க 2022 ஜூனில், திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில், இந்தத் திட்டத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தார். எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் பொருள் புரிந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும். அதை 2025க்குள் எட்ட வேண்டும் என்பது அப்போது வைத்த இலக்கு. முதல் மூன்று வகுப்புகளையும் ஒன்றாக உட்காரவைத்து, வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறோம்.

நான் ஏங்கியது இதில் திரும்பக் கிடைத்தது. காலையில் பாட்டு, பிறகு கதை, முகமூடி, பொம்மை, கைதட்டல். மூன்று நிலைப் பிள்ளைகளும் ஒரே கதையைக் கேட்டுவிட்டு, அரும்பு படம் பார்த்துச் சொல்கிறது, மொட்டு சொல் எழுதுகிறது, மலர் கதையின் முடிவை மாற்றி எழுதுகிறது. வாயைத் திறக்காத பிள்ளை பொம்மையைக் கையில் மாட்டியதும் பேசியதை என் கண்ணால் பார்த்தேன். மொழி வகுப்புக்கு அட்டை முறையைவிட இது பல மடங்கு மேல். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் கணக்கிலும், வாசலில் நிற்கும் அந்தக் குழந்தையிடத்திலும் இது தடுமாறுகிறது. ஆசிரியர் கையேட்டில் நாள்வாரியாகத் திட்டம் இருக்கிறது. இன்று கழித்தல் என்றால் இன்று கழித்தல். ஐந்து வாரம் கழித்து வருபவனை மொட்டு நிலை என்று சொல்லிவிட முடிகிறது. மொட்டுக்குள் எங்கே விட்டுப் போனான் என்பதைச் சொல்ல இடமில்லை. ஏணியில் சின்னச் சின்னப் படிகள் நிறைய இருந்தன. இங்கே மூன்றே பெரிய படிகள். இன்னொன்று: ஏணியில் தன் இடம் குழந்தைக்கே தெரிந்தது. இங்கே அது என் கைப்பேசியில், மதிப்பீட்டுச் செயலிக்குள் இருக்கிறது. அதைப் பதிவேற்ற உட்காரும் நேரத்தில் இரண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்து குச்சிக் கட்டு பிரித்திருக்கலாம் என்று ஒவ்வொரு முறையும் மனம் அடித்துக்கொள்கிறது.

எனவே என் தீர்ப்பு ஊரைப் பொறுத்தது. பிள்ளைகள் நாள் தவறாமல் வருகிற, வகுப்புக்கு ஒரு ஆசிரியர் இருக்கிற பள்ளியில் எண்ணும் எழுத்தும் போதும். அங்கே ஏணி தேவைப்படாது. இடம்பெயரும் குடும்பங்கள் உள்ள ஈராசிரியர் பள்ளியில் மொழிக்கு எண்ணும் எழுத்தும், கணக்குக்கு ஏணிப்படி என்றுதான் சொல்வேன். இரண்டையும் கலந்தால் குழம்பும் என்று சக ஆசிரியர் ஒருவர் வாதாடினார். குழம்பியது நான்தான், முதல் இரண்டு வாரம். பிள்ளைகள் ஒரே நாளில் பழகிவிட்டார்கள்.

பழைய கம்பிப் பந்தலில் ஒரு கம்பியைக் குழந்தைகளுக்கு எட்டும் உயரத்துக்கு இறக்கிக் கட்டினேன். கணக்குத் திறன்களை அட்டையில் ஒவ்வொன்றாக எழுதி வரிசையாகத் தொங்கவிட்டேன். ஆளுக்கு ஒரு துணிக் கிளிப், அதில் பெயர். தான் நிற்கும் அட்டையில் தானே மாட்டிக்கொள்ள வேண்டும். இந்த வருடம் பொங்கல் கழிந்து போன பையன் மாசிக் கடைசியில் வந்தான். வாசலில் நிற்கவில்லை, நேரே கம்பியிடம் போனான். கழித்தல் அட்டையில் அவன் கிளிப் விட்ட இடத்திலேயே இருந்தது, கொஞ்சம் தூசியோடு. சட்டையில் துடைத்துவிட்டு அங்கேயே திரும்ப மாட்டினான்.