நூறு பின்கள் கொண்ட பையை வாங்காதீர்கள்

சட்டையில் குத்திக்கொள்ளும் சின்ன உலோக வில்லைகளான நினைவுப் பின்களைச் சேர்க்கத் தொடங்கலாம் என்று இருக்கிறீர்களா? ‘கலவையாக நூறு பின்கள், ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது, எல்லாமே மாற்றிக்கொள்ள ஏற்றவை’ என்று ஆன்லைனில் ஒரு விளம்பரம் கட்டாயம் உங்கள் கண்ணில் படும். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். நான் போனேன். பணம் போனதுகூடப் பரவாயில்லை. அந்தப் பையை நம்பி, தெரியாமலேயே இன்னும் மூன்று பேரை நான் ஏமாற்றியிருக்கிறேன். அந்த உறுத்தலில்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு இந்த ஆசை வந்ததே ஒலிம்பிக் பின்களைப் பார்த்துத்தான். 1896இல் ஏதென்ஸில் வீரர்களும் நடுவர்களும் அடையாளத்துக்காக அட்டை வில்லைகளைக் குத்திக்கொண்டதில் தொடங்கிய வழக்கம் அது. 1988இல் கால்கரி குளிர்கால ஒலிம்பிக்கில் பின் மாற்றுவதற்கென்றே கொக்கோ கோலா ஒரு மையம் திறந்தது. முன்பின் தெரியாத இரண்டு பேர், பேசும் மொழிகூடப் புரியாமல், சட்டையில் குத்தியிருப்பதைக் காட்டிக் கைமாற்றிக்கொள்வது எவ்வளவு அழகு!

ஆரம்பத்துக்கு டிஸ்னி பின்கள் எளிது என்று நினைத்தேன். 1999 அக்டோபரில் புளோரிடாவிலுள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டில் தொடங்கியது இந்த மாற்று வழக்கம். ஊழியர்கள் கழுத்துப் பட்டையில் பின்களை மாட்டியிருப்பார்கள். நம்மிடம் இருப்பதைக் கொடுத்துப் பிடித்ததைக் கேட்டு வாங்கலாம். அதற்கு முதலில் கையில் கொஞ்சம் சரக்கு வேண்டுமே! அந்த அவசரத்தில்தான் ஏமாந்தேன்.

விற்றவர் நன்றாகவே பேசினார். கேட்ட கேள்விக்கெல்லாம் உடனே பதில். ‘அசலா?’ என்று கேட்டதற்கு, ‘எல்லாவற்றின் முதுகிலும் காப்புரிமை முத்திரை இருக்கிறது’ என்றார். அது ‘ஆமாம், அசல்’ என்பதற்குச் சமமில்லை என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. பை வந்தது. மேசையில் கொட்டி வரிசையாக அடுக்கியபோது இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! அன்று இரவே மூன்று பேருடன் மாற்றுப் பேசி, மறுநாள் பார்சல் அனுப்பிவிட்டேன்.

நான்காவதாகப் பேசியவர் பல வருடமாகச் சேர்ப்பவர். ‘முதுகையும் படம் எடுத்து அனுப்புங்கள்’ என்றார். அனுப்பினேன். ‘மன்னிக்கவும், இவை ஸ்க்ராப்பர்’ என்று ஒரே வரியில் பதில் வந்தது. தரச் சோதனையில் கழித்துப் போட்டவை, ஆர்டருக்கு மேல் திருட்டுத்தனமாக அடித்தவை, அச்சைப் பார்த்து நகல் எடுத்தவை, எல்லாவற்றுக்கும் சேகரிப்பாளர்கள் வைத்திருக்கும் பெயர் அது. எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் பொறுமையாக, ‘லென்ஸ் இருந்தால் எடுத்துப் பாருங்கள்’ என்றார்.

பார்த்தேன். டொனால்ட் டக்கின் தொப்பியில் நீலம் ஒரே சீராக இல்லை. நடுவில் குழிந்து, ஓரத்தில் உலோக வரம்பைத் தாண்டி வழிந்திருந்தது. கண்ணின் வெள்ளையில் கடுகை விடச் சின்னதாய் ஒரு கரும்புள்ளி. விளிம்பில் விரலை ஓட்டினால் நகத்தைப் பிடித்து இழுத்தது, சரியாகத் தேய்க்காத தகரம் மாதிரி. திருப்பினால், முதுகில் மிக்கி தலைகள் வரிசையாக இருக்கும் அந்தக் கட்டம் கட்டமான வடிவம் விளிம்பு வரை போகவில்லை. சுற்றிலும் ஒரு வெற்றுக் கரை. காப்புரிமை முத்திரை மட்டும் கச்சிதமாக இருந்தது. நகல் எடுப்பவன் அதையும் சேர்த்துத்தானே நகல் எடுப்பான்! ‘இத்தனை எண்ணிக்கை மட்டுமே’ என்ற வரம்புப் பதிப்பு எழுத்தும் அப்படித்தான். அதைப் பார்த்து மயங்காதீர்கள்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். மென் எனாமல் (soft enamel) பூச்சுள்ள பின்களில் வண்ணம் உலோகக் கோட்டை விடச் சற்றுத் தாழ்ந்துதான் இருக்கும். வன் எனாமலை (hard enamel) தேய்த்து மட்டமாக்கியிருப்பார்கள். அதனால் குழிவு ஒன்றை மட்டும் வைத்துப் போலி என்று முடிவு கட்டாதீர்கள். அசல் என்று உறுதியாகத் தெரிந்த அதே பின்னின் படத்தைப் பக்கத்தில் வைத்து நிறம், கோடு, முதுகு என்று மொத்தமாகப் பாருங்கள்.

சரி, விற்றவரிடம் போனேன். ‘ஒரு வாரம் பொறுங்கள், மாற்றுப் பை அனுப்புகிறேன்’ என்றார். அப்புறம் இன்னொரு வாரம். வாங்கிய தளத்தில் புகார் கொடுப்பதற்கான கெடு முடிந்த மறுநாள் என்னைத் தடை செய்துவிட்டார். இனிப்பான பேச்சு எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. யாராவது இப்படிப் பொறுக்கச் சொன்னால், பேச்சு ஒரு பக்கம் நடக்கட்டும், புகாரை அன்றைக்கே பதிந்துவிடுங்கள்.

தொடங்க எவ்வளவு வேண்டும்? பத்து பின்கள் போதும். அதிகாரப்பூர்வக் கடையில் அல்லது நிகழ்ச்சி நடக்கும் இடத்திலேயே வாங்குங்கள். ஊழியர்களிடம் மாற்றி வாங்கியது என்பதாலேயே அசல் என்று நம்பிவிட வேண்டாம். என்னைப் போன்றவர்கள் கொடுத்த போலிகள் அந்தக் கழுத்துப் பட்டைகளிலும் சுற்றுகின்றன. தபாலில் மாற்றும்போது முன்புறம், முதுகு இரண்டுக்கும் படம் கேளுங்கள், கண்காணிப்பு எண் இல்லாமல் அனுப்பாதீர்கள். புதியவர் முதலில் அனுப்புவது வழக்கம். எதிரில் இருப்பவர் முன்பு யாரோடெல்லாம் மாற்றினார் என்று விசாரித்துவிட்டு அதற்குச் சம்மதியுங்கள்.

அந்த மூன்று பேருக்கும் நடந்ததை எழுதினேன். ஒருவர் திட்டினார், நியாயம்தான். அவருடைய பின்னைத் திருப்பி அனுப்பிவிட்டேன். இன்னொருவர், ‘நானும் இப்படித்தான் தொடங்கினேன்’ என்று சொல்லித் தன்னுடையதைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மூன்றாமவரிடமிருந்து இன்னும் பதில் இல்லை. அவர் அனுப்பிய பின் அசல். அதைத் தனி உறையில் போட்டு, மேலே அவர் முகவரியை எழுதி வைத்திருக்கிறேன்.