கெனப்பிக்குள் பிரிட்ஜ்: கச்சான் காலத்தில் கேட்டால் என் பதில்

விலை இறங்கியிருக்கிறது என்று கேள்விப்பட்ட கல்முனை நண்பன் ஒருவன், "மச்சான், உன்ட கெப்புல இருக்கிற பிரிட்ஜ் எப்படி? நானும் ஒண்டு எடுக்கட்டா?" என்று கேட்டிருந்தான். இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற விஷயமல்ல. இதே கேள்வியை வேறு பலரும் கேட்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 12 வோல்ட்டில் ஓடும் கொம்பிரசர் பிரிட்ஜ், ஐம்பது லீற்றர் ரகம். டபுள் கெப் பிக்கப்பின் பின்பெட்டியில், அதை மேலே மூடுகிற ஃபைபர் கூடான கெனப்பிக்குள் கட்டிவைத்திருக்கிறேன். எத்தனை போத்தல் கொள்ளும், எத்தனை கிலோ பாரம் என்பதையெல்லாம் கடையிலேயே சொல்லிவிடுவார்கள். கடையில் யாரும் வாய் திறக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. அது கெனப்பிக்குள் அடைந்து நிற்கும் சூடு.

முதலில் பிரிட்ஜைப் பற்றி நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். சாமான் நல்ல சாமான். அறுகம்பையில் கரைவலை இழுத்த இடத்தில் வாங்கிய பாரை மீன், நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடி மட்டக்களப்புக்கு வந்து சேரும்போது கண் மங்காமல், செவுள் சிவப்பு மாறாமல் இருந்தது. ஐஸ் பெட்டியில் கொண்டுவந்தால் உருகிய தண்ணீரில் ஊறி மீன் வெளிறிப் போகும். இதில் அந்தத் தொல்லையே இல்லை. எருமைத் தயிர்ச்சட்டி இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தாலும் மூடி சரியாக அடைபடும். மூடி மேல்பக்கம் திறப்பதால், திறக்கும்போது குளிர் கீழே கொட்டிப் போவதில்லை. பாரமான குளிர்காற்று உள்ளேயே தங்கிவிடும். சத்தமும் குறைவு.

இப்போது கோபத்துக்கு வருகிறேன்.

கச்சான் என்கிற வரண்ட தென்மேற்குக் காற்று அடிக்கிற ஆனி, ஆடி மாதங்களில் நம்ம பக்கத்து மத்தியானம் எப்படி இருக்கும் என்று மட்டக்களப்பாருக்கும் அம்பாறையாருக்கும் சொல்லத் தேவையில்லை. அப்படியொரு நாளில் பாசிக்குடாவில் நிழல் கிடைக்காமல் வாகனத்தை வெயிலில் விட்டிருந்தேன். பிரிட்ஜின் காற்றுத் துவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு வெப்பமானியையும் கெனப்பியின் கூரைக்குக் கீழே இன்னொன்றையும் தொங்கவிட்டுப் பார்த்தேன். வெளியே நிழலில் 34 பாகை. துவாரத்தடியில் 46. கூரையடியில் 52. கெனப்பியின் பின்கதவைத் தூக்கியதும் முகத்தில் அடித்தது போறணையின் வாயைத் திறந்தது போன்ற சூடு. உள்ளே கொம்பிரசர் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. 4 பாகைக்கு வைத்த பிரிட்ஜ் 9 காட்டியது.

பிரிட்ஜில் பிழையில்லை. அதன் வேலையே உள்ளேயிருக்கிற சூட்டை எடுத்து வெளியே தள்ளுவதுதான். பக்கவாட்டுக் கம்பியிடுக்கு வழியாகச் சூடான காற்று வருகிறதே, அதுதான் தள்ளிய சூடு. அந்தக் காற்று போக இடமில்லாவிட்டால் அதே காற்றைத் திரும்ப உறிஞ்சித்தான் கொம்பிரசர் தன்னைக் குளிர்த்திக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் சூடு இன்னும் கொஞ்சம் ஏறும். நல்ல கெனப்பி என்று நாம் பாராட்டுவது தூசும் மழையும் புகாமல் இறுக்கமாக அடைபடுவதைத்தானே? அந்த இறுக்கம்தான் பிரிட்ஜுக்கு எமன்.

வாங்குகிறவர்கள் பெட்டியில் பெரிதாக அச்சடித்த "-20 பாகை" என்பதைப் பார்க்காமல், பின்பக்க லேபிளில் காலநிலை வகுப்பைத் தேடிப் பாருங்கள். 'டி' (T) என்றால் சுற்றுவெப்பம் 43 பாகை வரைக்கும் வேலை செய்ய வடிவமைத்தது. 'எஸ்டி' (ST) என்றால் 38. 'என்' (N) என்றால் 32 தான். 'என்' வகுப்பை இந்தப் பக்கத்து வெயிலில் கெனப்பிக்குள் வைக்கவே கூடாது. 'டி'யும்கூட நான் அளந்த 46 பாகையில் தன் எல்லையைத் தாண்டித்தான் நிற்கிறது. கொம்பிரசர் இல்லாத, மின்தகட்டில் குளிர்த்துகிற மலிவான பெட்டிகளைப் பற்றிப் பேசவே வேண்டாம். அவை சுற்றுவெப்பத்தைவிட ஏறத்தாழ 20 பாகைதான் குறைக்கும். கெனப்பிக்குள் 45 என்றால் உங்கள் மீன் 25இல் கிடக்கும்.

சூட்டோடு சேர்ந்து பற்றரியும் சாகிறது. ஓடும்போது என் பிரிட்ஜ் சுமார் 5 அம்பியர் இழுக்கும். மாரி காலத்தில் மணிக்கு இருபது நிமிடம் ஓடிவிட்டு நின்றுவிடும். ஒரு முழு நாளுக்கு 40 அம்பியர்-மணி போதும். கச்சானில் நிற்காமல் ஓடினால் அதே நாளுக்கு 120. நூறு அம்பியர்-மணி ஈய பற்றரியில் பாதியைத்தான் கெடுதலில்லாமல் எடுக்கலாம். அப்படியென்றால் பத்து மணித்தியாலத்தில் கதை முடிந்தது. அந்த இரண்டாவது பற்றரியையும் கெனப்பிக்குள்ளேயே வைத்தால் இன்னும் மோசம். ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் ஈய பற்றரியின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. என்னுடைய பற்றரி முன்னால், சீற்றுக்குப் பின்னால் இருக்கிறது.

வயர் விஷயத்தில் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. கெனப்பி பூட்டித் தந்த இடத்தில் "பிரிட்ஜுக்கும் லைன் எடுத்துத் தருகிறோம்" என்று காசு வாங்கிக்கொண்டு, ரேடியோவுக்குப் போடுகிற மெல்லிய வயரை இழுத்துவிட்டிருந்தார்கள். முன் பற்றரியிலிருந்து பின்பெட்டிக்குப் போக 5 மீற்றர், வர 5 மீற்றர். ஒரு சதுர மில்லிமீற்றர் வயரில் 5 அம்பியர் ஓடினால் வழியிலேயே கிட்டத்தட்ட 0.9 வோல்ட் தொலைந்துபோகும். கொம்பிரசர் எழும்பும் நொடியில் அதைவிடக் கூடுதலாக விழும். பிரிட்ஜில் பற்றரிப் பாதுகாப்பை உச்ச நிலையில் வைத்தால் சுமார் 11 வோல்ட்டில் அது தானாக நின்றுவிடும். பற்றரியில் பாதிக்கு மேல் சக்தி இருக்கும்போதே "பற்றரி இல்லை" என்று சொல்லி நிற்கிற மர்மம் இதுதான். ஆறு சதுர மில்லிமீற்றர் வயர் மாற்றி, பற்றரிப் பக்கத்திலேயே 15 அம்பியர் பியூஸ் போட்ட பிறகு வழியில் போவது 0.15 வோல்ட் மட்டும். பிரிட்ஜ் அதற்குப் பிறகு ஒருநாளும் அப்படி நின்றதில்லை. இப்படி நின்றுபோகிற பிரிட்ஜைப் பழுது என்று நினைத்து அரைவிலைக்கு விற்றவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். மனது எரிகிறது.

"பக்கக் கண்ணாடியைத் திறந்துவிட்டு ஓடலாமே" என்று சிலர் சொல்வார்கள். பாணமையிலிருந்து உகந்தைக்குப் போகிற கிரவல் பாதையில் அப்படி ஓடிப் பாருங்கள். ஓடுகிற வாகனத்தின் பின்னால் காற்றழுத்தம் குறைவதால் எழும்புகிற தூசியும் சைலன்சர் புகையும் உள்ளே இழுபடும். உகந்தை முருகன் கோவிலடியில் இறங்கி ஒருமுறை பிரிட்ஜின் கம்பியிடுக்கைப் பார்த்தேன். கோதுமை மாவைப் போல மெல்லிய செம்மண் ஒவ்வொரு இடுக்கிலும் அப்பியிருந்தது. உள்விசிறியின் இதழ்களிலும் அதே படலம். ஒரு சின்ன பெயின்ற் பிரஷ்ஷால் தட்டித் தட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அந்தப் படலம் இருக்கும்வரை விசிறி சுற்றினாலும் சூடு இறங்காது.

எனக்குப் பலன் தந்தவற்றைச் சொல்கிறேன். கெனப்பியின் கூரையில் முன்னோக்கி வாய் திறந்த ஒரு காற்றுமூடி பூட்டினேன். வாகனம் ஓடும்போது காற்று மேலிருந்து உள்ளே தள்ளப்பட்டு, பின்கதவு இடுக்குகளால் வெளியே போகும். உள்ளே அழுத்தம் கூடுவதால் தூசு வருவதும் பெரிதும் குறைந்தது. நிறுத்திவைக்கும்போது அது உதவாது. அதற்காக கம்பியூட்டரில் வருகிற 12 சென்ரிமீற்றர் விசிறிகள் இரண்டு. ஒன்று கீழே குளிர்ந்த காற்றை இழுக்கும், மற்றது மேலே சூட்டை வெளியே தள்ளும். இரண்டும் சேர்ந்து குடிப்பது ஐந்தாறு வாற்தான். வாடைக்காற்று மழைக்குத் தண்ணீர் புகாதபடி துவாரங்களுக்கு வெளியே சரிவான மூடியும் நுளம்பு வலையும் போட்டேன். பிரிட்ஜின் துவாரப் பக்கத்தை மூலைக்குத் திருப்பாமல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கட்டினேன். குளிர் காக்கும் என்று விற்கிற உறையை வாங்கினால் அந்தத் துவாரங்களை மூடாத உறையாகப் பார்த்து வாங்குங்கள்.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் சோலர் பலகையால் வந்தது. மின்சாரத்துக்காகத்தான் 100 வாற் பலகை ஒன்றைக் கூரையில் போட்டேன். ஒட்டாமல், கால் கொடுத்து இரண்டு அங்குலம் உயர்த்திப் பூட்டியதால் பலகைக்கும் கூரைக்கும் இடையில் காற்று ஓடுகிறது. கூரைக்கு அது குடை ஆகிவிட்டது. பலகைக்குக் கீழே உள்ள ஃபைபரில் கை வைக்க முடிகிறது, அதற்கு வெளியே உள்ள இடத்தில் முடியவில்லை. மிச்சமுள்ள கூரையின் உள்பக்கத்தில் வீட்டுச் சீலிங்குக்கு அடிக்கிற வெள்ளித்தாள் ஷீற்றை ஒட்டினேன். இவ்வளவும் செய்த பிறகு அதே மாதிரி ஒரு மத்தியானத்தில் துவாரத்தடியில் 39 பாகை. கொம்பிரசர் ஓடி, நின்று, ஓடியது.

இதில் எனக்கு அக்கறை அதிகம், ஏனென்றால் மாமியின் இன்சுலினும் இந்தப் பிரிட்ஜில்தான் வருகிறது. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டும். சூடும் ஆகாது, உறைவும் ஆகாது. ஒருமுறை உறைந்ததைத் திரும்ப பாவிக்கக் கூடாது. அடியும் சுவரோரமும் உறைந்துபோகக்கூடிய இடங்கள். அதனால் மேல்கூடையில், துணி சுற்றி, பக்கத்தில் ஒரு வெப்பமானியோடு வைக்கிறோம். உகந்தையில் அவர் ஊசி போட்டுக்கொண்டு கோவிலுக்கு நடந்துபோனதைப் பார்த்தபோது, இந்தப் பெட்டிக்குக் கொடுத்த காசு முழுவதும் திரும்பி வந்துவிட்டதாகவே நினைத்தேன்.

சரி, எடுக்கலாமா? மார்கழியில் கேட்டிருந்தால் யோசிக்காமல் எடு என்று சொல்லியிருப்பேன். இப்போது வெளியே கச்சான் அடிக்கிறது, காலையில்தான் விசிறி ஒன்றை மாற்றினேன். ஆகவே என் பதில்: கெனப்பிக்குள் வைக்கத்தான் என்றால் எடுக்காதே மச்சான். பின்சீற்றில் இடமிருந்தால் ஏசி காற்றில் வை, ஏசி ஓடும்வரை அங்கே இந்தக் குறை வராது. கெனப்பிதான் ஒரே இடம் என்றால் பிரிட்ஜின் விலையில் பாதியை வயருக்கும் காற்றோட்டத்துக்கும் ஒதுக்கி, அதை முதலில் செய்துவிட்டுப் பிரிட்ஜை வாங்கு. என்னுடையதைத் தருவாயா என்றும் கேட்டிருந்தாய். தரமாட்டேன்.